உன் மாமனார் வீட்டுச் சாயங்காலம்

அன்புள்ள மாலதிக்கு,

நீ கேட்டதற்குப் போனில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "யோசிச்சு எழுதறேம்மா" என்றேன். "எழுதறீங்களா? கடலூர்ல பஸ் ஏறுனா ஒன்ற மணி நேரத்துல சிதம்பரம். அதுக்கு ஒரு லெட்டராப்பா?" என்று சிரித்தாய். சிரிப்பாய் என்று தெரிந்துதான் சொன்னேன். நேரில் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பாதியிலேயே பேச்சை மாற்றிக்கொள்கிறவன் நான். காகிதத்துக்கு முகம் இல்லை. ஆபீஸில் குறிப்பு எழுதிப் பழகியதால், சொல்லப்போவதை முதலில் எண் போட்டு வைத்துக்கொள்ளாவிட்டால் எனக்கு ஒரு வரியும் ஓடாது. இதிலும் அப்படியே செய்கிறேன்.

1. உன் வீட்டோடு வந்து தங்க எனக்கு ஏன் தயக்கம் என்பது.
2. குடும்பம் நடத்த எவ்வளவு வருமானம் போதும் என்பதில் எனக்கும் உன் மாமனாருக்கும் உள்ள வித்தியாசம். அதில் நான் நினைப்பதே சரி என்பது.
3. உன் நேரத்தில் எனக்கென்று ஒரு பங்கும் இல்லை என்பது.
4. இவ்வளவுக்குப் பிறகும் நான் வருவதென்றால், அதற்கு ஒரு நிபந்தனை.

இரண்டாவதில் "சரி" என்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும், அடிக்கவில்லை.

முதலாவதை எடுத்துக்கொள்கிறேன். புயலுக்கு மறுநாள் நீ கூப்பிட்டபோது நம் தென்னை சமையற்கட்டின் மேல் படுத்திருந்தது. ஓடெல்லாம் நொறுங்கி, உன் அம்மா இருந்தவரை ஒரு நாளும் கலைந்து கிடக்காத அந்த இடத்தில் நான் குடை பிடித்துக்கொண்டு காப்பி போட்டேன். அதை உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னதும் உன் குரல் மாறிவிட்டது. "போதும்ப்பா. ஊட்ட வாடகைக்கி உட்டுட்டு இங்க வந்துடுங்க. மாமாவும் அதத்தான் சொல்றாரு" என்றாய். முதல் இரண்டு வாக்கியங்களில் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிட்டது. பெண் கொடுத்த வீட்டில் போய்த் தங்குவது நம் பக்கத்தில் வழக்கமில்லை என்று அப்போதைக்கு ஏதோ சொன்னேன். அது அக்கம்பக்கத்தாருக்குச் சொல்ல நல்ல காரணம். உன்னிடம் அதைச் சொன்னது சரியில்லை. உண்மையான காரணம் உன் மாமனார். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. நல்ல மனிதர். ஆனால் எனக்கு அவர் மேல் பொறாமை. இந்த ஒரு வார்த்தையை எழுத இந்தப் பத்தி முழுவதும் தேவைப்பட்டிருக்கிறது.

இது இன்று நேற்று வந்ததில்லை. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க நானும் உன் அம்மாவும் முதன்முதலில் சிதம்பரம் போன நாளை நினைத்துப் பார்க்கிறேன். நீ அப்போது அங்கேயே ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்ஸி. முடித்திருந்தாய். ஒரு வேலை நாள், சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கீழ வீதிக்குப் பின்னால் உள்ள அந்தச் சந்தில் வீட்டைத் தேடிக்கொண்டு போனால், கண்ணாடிச் சட்டம் போடும் கடைக்காரர் என்று தரகர் சொல்லியிருந்த மனிதர், கடையைச் சாத்திவிட்டு வீட்டுக் கூடத்தில் பனியனோடு உட்கார்ந்து மகனோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு நிற்கிற மகன், நெய்வேலியில் வேலைக்குப் போகிறவன், அப்பாவின் காயைத் திருடிவிட்டு மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் இருவரும் எழுந்தார்கள். உன் மாமனார் சட்டையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டே, "வாங்க சம்பந்தி, வாங்க தங்கச்சி" என்றார். பெண்ணையே இன்னும் பேசி முடிக்கவில்லை, அதற்குள் சம்பந்தி.

எனக்கு உள்ளுக்குள் ஒரே கேள்விதான். ஐந்து மணிக்குக் கடையைச் சாத்துகிறவருக்கு என்ன வருமானம் இருக்கும்? நேராகக் கேட்கத் தைரியமில்லை. "கடை இன்னைக்கி லீவுங்களா?" என்றேன். "லீவெல்லாம் இல்ல. தெனம் இதுதான் டைம். இவன் பள்ளிக்கூடம் போன காலத்துலேர்ந்து பழகிப்போச்சு" என்றார். "முகூர்த்த மாசத்துல போட்டோ சட்டத்துக்கு ஆள் ஜாஸ்தியா வருவாங்களே?" என்றேன். "வருவாங்க. எட்டு மணிக்கி வந்து கதவத் தட்டுவாங்க. காலைல வான்னு அனுப்பிச்சிடுவேன். பாதிப் பேரு வேற கடைக்கிப் போயிடுவான். போனா போறான்" என்றார். பிறகு, நான் எதைச் சுற்றி வருகிறேன் என்று அவருக்கே புரிந்துவிட்டது. "மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல சம்பந்தி. மாசக் கடைசில இந்த ஊட்ல கை கடிக்கும். ஆனா அவன் அம்மா போன அன்னைக்கித் தவிர, ராத்திரி சோத்த இங்க யாரும் தனியா உக்காந்து சாப்ட்டது கெடையாது" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அம்மாவிடம், "பையன் தங்கம். அப்பாதான் பொறுப்பில்லாத ஆள்" என்றேன். ஆலப்பாக்கம் தாண்டும்வரை அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், "எனக்கு அந்த ஊடு புடிச்சிருக்குங்க" என்றாள். எனக்கு அது போதுமான திட்டாக இருந்தது.

ஏனென்று உனக்குத் தெரியும். ஐந்தரைக்கு ஆபீஸ் முடிந்தால் நான் மஞ்சக்குப்பத்தில் இருந்து சைக்கிளை நேராக முதுநகருக்கு விடுவேன். ஹார்டுவேர்ஸ் கடையில் ஒன்பது மணிவரை கணக்கு எழுதுவேன். வீடு வந்தால் நீ தூங்கியிருப்பாய். உன் அம்மா மூடிவைத்த தட்டைத் திறந்து வைப்பாள். அந்தச் சம்பளத்தில்தான் இந்த வீட்டுக்கு மேல்தளம் போட்டேன், உன் காலேஜ் பீஸ் கட்டினேன், உன் கழுத்துக்கும் கைக்கும் போட்டேன். இதை நான் சொல்லிக்காட்டவில்லை. ஒருவேளை சொல்லிக்காட்டுகிறேனோ? எழுதும்போது அப்படித்தான் வந்து விழுகிறது. ஒரு முறை உன் அம்மா கேட்டாள்: "போதும்னு நிறுத்தறது எப்பங்க?" நான் யோசித்து, மேல்தளம் முடிந்ததும் என்றேன். மேல்தளம் முடிந்ததும், உன் படிப்பு முடிந்ததும் என்றேன். அவள் அப்புறம் கேட்கவில்லை. ரிட்டயரான பிறகும் அந்தக் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். உன் கல்யாணம் முடிந்த வருஷம் கடைக்காரர் கம்ப்யூட்டர் வாங்கியதால்தான் நின்றேன்.

இப்போது நான் சொல்ல வருவது என்னவென்றால், வருமானம் போதுமானதாக இருந்தால்தான் குடும்பம் பயமில்லாமல் தூங்கும். இதில் நான் இன்னமும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் உறுதியாக இருப்பவனுக்குப் பொறாமை வரக் கூடாது அல்லவா? எனக்கு வந்தது. எப்போது வந்தது என்று சொல்கிறேன்.

உன் அம்மா காலமாகி முதல் வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதுநகரில் நல்ல சங்கரா கிடைத்தது என்று வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். ரயில் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று ரயிலை நிறுத்தியிருந்த காலம். மீன் பையோடு பஸ்ஸில் எல்லாரிடமும் முறைப்பு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். நீ குழம்பு வைத்தாய். இருட்டும் நேரத்தில் கரண்ட் போனது. "மாடிக்கிப் போலாம்" என்று யாரும் சொல்லவில்லை. எல்லாரும் தானாகவே கிளம்பினீர்கள். உன் வீட்டுக்காரர் பாயை எடுத்தார், நீ சோற்றுக் குண்டானை எடுத்தாய், என் பேத்தி யாழினி விசிறியை எடுத்தாள். உன் மாமனார் பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, குழம்பை ஊற்றி, முள் எடுத்த மீனை உதிர்த்துப் பிசைந்தார். நீங்கள் சுற்றி உட்கார்ந்து கையை நீட்டினீர்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு உருண்டை. உன் முறை வந்தபோது, "மாமா, போன ரவுண்டு எனக்குச் சின்னதாப் போட்டீங்க" என்றாய். "கண்ணுல வௌக்கெண்ண ஊத்திக்கினு பாக்குது பாரு" என்று அவர் பெரிய உருண்டையாக வைத்தார். நீ அந்தக் கையை அப்படியே வாய்க்குக் கொண்டுபோனாய்.

எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தீர்கள். தனித் தட்டு, டம்ளரில் தண்ணீர், தட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி. பெண்ணைப் பெற்றவருக்குச் செய்யவேண்டிய மரியாதை. யாரையும் குறை சொல்ல முடியாது. மீனின் நல்ல துண்டு எனக்குத்தான் வந்தது. நான் அந்த உயரத்தில் இருந்து, கீழே நீட்டிக்கொண்டிருந்த உன் கையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். உனக்கு நான் ஒரு தடவையாவது சோறு பிசைந்து கொடுத்திருக்கிறேனா என்று யோசித்தேன். உன் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள் நினைவுக்கு வந்தது. அன்று நான் ஓட்டலில் இட்லி வாங்கிவந்தேன். வாங்கிவர என்னிடம் எப்போதும் காசு இருந்தது. மரியாதைக்காகக் குறைவாகச் சாப்பிடுகிறேன் என்று நீ நினைத்திருப்பாய். எனக்கு நிஜமாகவே இறங்கவில்லை.

அடுத்தது டியூஷன் விஷயம். உன் பள்ளிக்கூடச் சம்பளம் மட்டமானது, மாப்பிள்ளை சம்பளத்தில் வீட்டுக் கடன் போகிறது, யாழினி பெரிய வகுப்புக்குப் போகப்போகிறாள். சாயங்காலம் பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடு என்று உனக்கு எடுத்துச் சொன்னேன். இடம், நேரம், எந்த வகுப்புப் பிள்ளைகள் என்று தாளில்கூடப் போட்டுக் கொடுத்தேன். "நல்ல ஐடியாப்பா" என்றாய். ஒரு வாரம் கழித்து, "மாமா வேணாங்கறாரு. சாயங்காலத்த வித்துட்டா திரும்ப வாங்க முடியாதுங்கறாரு. எனக்கும் அதான் சரின்னு தோணுது" என்றாய். என்னிடம் வாதம் இருந்தது. நல்ல வாதமும்கூட. ஆனால் நான் வாதாடவில்லை. "உன் இஷ்டம்மா" என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் டியூஷனுக்காக இல்லை என்று இப்போது தெரிகிறது. இருபத்து மூன்று வருஷம் என் வீட்டில் வளர்ந்த பெண், நான் போட்டுக் கொடுத்த தாளைவிட அவர் சொன்ன ஒரு வரி பெரிது என்று எடுத்துக்கொண்டாளே என்றுதான்.

மூன்றாவதுக்கு வருகிறேன். தினமும் ஆறரைக்கு நீ போன் செய்கிறாய். நான் அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு எப்படி இருக்கிறது? சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, பால்காரன் வந்தானா. யாழினி என்ன வரைந்தாள், மாமா என்ன வாங்கிவந்தார், மாமா என்ன சொன்னார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதுபோல ஒரு பேச்சு. எனக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. பின்னால் யாரோ உன்னைக் கூப்பிடக் காத்திருப்பதாகவே எனக்குத் தோன்றும். "சரிம்மா, ஒனக்குக் காசு ஆவும், வச்சிடறேன்" என்பேன். நீயும் "சரிப்பா" என்பாய். புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாத நாட்களில், ஜெனரேட்டர் வைத்திருக்கும் மருந்துக் கடையில் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்ததால் அதையும் சுருக்கிக்கொண்டேன். ஐந்து மணிக்கு நீ வீட்டுக்குள் நுழைந்தால் ஒன்பது மணிவரை உன் சாயங்காலம் முழுவதும் அவர்களுடையது. குக்கர் இரண்டு விசில் விடுகிற நேரம் என்னுடையது. அதுகூட உனக்குக் கடமை. இதில் உன் தவறு இல்லை. நீ சிறு பெண்ணாக இருந்தபோது நான் உனக்குக் கொடுத்ததும் அவ்வளவுதான். கொடுத்த அளவுக்குத்தான் திரும்ப வரும் என்று என் மூளை சொல்கிறது. ஆனால் தன் மகனுக்குக் கொடுத்த மனிதருக்கு என் மகளிடமிருந்து வருகிறதே, அது எந்த நியாயம் என்று வயிறு கேட்கிறது.

ஆகவே நான்காவதாக, நிபந்தனை. நான் அங்கு வந்தால் வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், நீ என்னோடு மட்டும் இருக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளலாம். நாலு வீதியையும் ஒரு சுற்று நடந்து வருவோம். யாழினி வேண்டாம். மாப்பிள்ளை வேண்டாம். முக்கியமாக உன் மாமனார் வேண்டாம். "நானும் வரேன்" என்று அவர் செருப்பை மாட்டினால், நீதான் அவரிடம் சொல்ல வேண்டும். என்னால் சொல்ல முடியாது.

இதுவரை எழுதியது வியாழக்கிழமை. தபாலில் போடக் கவர் வாங்கி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்காரும் நேரத்துக்கு வாசலில், "சம்பந்தி" என்று குரல் கேட்டது.

உன் மாமனார் நின்றார். தோளில் இரண்டு கரும்பு, கையில் பெரிய பை. பையில் பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு வேட்டி துண்டு. உன்னிடம் என்ன சொல்லிவிட்டு வந்தார் தெரியுமா? கடைக்குக் கண்ணாடி எடுக்கக் கடலூர் போகிறேன் என்று சொன்னாராம். எனக்கு முகம் சுண்டிப்போனது. கல்யாணமானதில் இருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்தான் உனக்குச் சீர் கொண்டுவருவேன். அந்த ஒரு நாள்தான் உன் வீட்டுக்குள் நான் கை நிறைய நுழைகிற நாள். இந்த வருஷம் இந்தப் பக்கத்துக் கரும்பெல்லாம் சாய்ந்து கிடக்கிறது, மார்க்கெட்டில் மஞ்சள் இல்லை, எங்கே போய் வாங்குவது என்று நானே தவித்துக்கொண்டிருந்தேன். அதையும் இவர் எடுத்துக்கொண்டாரே என்றுதான் முதலில் நினைத்தேன். "இதெல்லாம் முறையில்லீங்களே" என்றேன். "முறையப் பாத்தா கரும்பு மொளைக்குமா? ஒங்க ஊர்ல சாஞ்சிடுச்சி, எங்க பக்கம் நிக்கிது. அடுத்த வருஷம் நீங்க கொணாங்க. எனக்கு ரெண்டு கரும்பு ஜாஸ்தியாவே கொணாங்க" என்றார்.

சமையற்கட்டைப் பார்த்தார். ஓட்டுக்குப் பதில் மேலே கட்டியிருந்த தார்ப்பாயைப் பார்த்தார். அடுப்பில் இருந்த சோற்றையும் வத்தக்குழம்பையும் எடுத்து, உன் அம்மாவின் பெரிய சட்டியில் கொட்டிப் பிசைய ஆரம்பித்தார். நான் அவருக்குத் தட்டு எடுத்துவைத்தேன். "தட்டு எதுக்கு, கழுவறது நீங்கதான. கைய நீட்டுங்க" என்றார். நான் நின்றேன். "அட, நீட்டுங்க சம்பந்தி. ஒங்க பொண்ணு எவ்ளோ சண்ட போட்டு வாங்குது, நீங்க என்னா இப்பிடிக் கூச்சப்படறீங்க" என்றார். நீட்டினேன். குழம்பில் உப்பு குறைவு என்று அவர் சொன்னபோது, டாக்டர் குறைக்கச் சொன்னார் என்றேன். "அத மாலதி சொல்லுச்சி. எங்க ஊட்லயும் கொறச்சிடுச்சி. ஒங்களுக்கு பிபி, நாங்க சப்புன்னு சாப்டறோம்" என்றார்.

சாயங்கால பஸ்ஸுக்குப் போகலாம் என்று இருந்தார். கரண்ட் முந்தாநாள்தான் வந்திருந்தது. மின்விசிறியடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவர்தான் பேசினார். ஆறரைக்கு உன் போன் வந்தது. "பொண்ணா?" என்று அவர் கையால் கேட்டார். தலையாட்டினேன். அவர் இங்கே இருப்பதை நான் உன்னிடம் சொல்லவில்லை. கண்ணாடிப் பொய்யைக் காப்பாற்றுவதற்காக இல்லை. சொன்னால் போனை அவரிடம் கொடுக்க வேண்டியிருக்கும். முதுகைத் திருப்பிக்கொண்டு பேசினேன். சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. "சரிம்மா, காசு ஆவும், வச்சிடறேன்" என்று வைத்தேன். திரும்பினால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதாங்க."

"தெனம் இவ்ளோதானா?"

"ஆமாங்க. என்ன?"

"இதுக்கா சம்பந்தி அது முக்கா மணி நேரம் மாடில இருக்குது?"

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஆறரையானா போனத் தூக்கிக்கினு மாடிக்கிப் போயிடும். யாரும் மேல வரக் கூடாது, யாரும் கூப்டக் கூடாது. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இது சட்டம். கொழந்த அழுதாகூட நாந்தான் தூக்கி வச்சிக்கணும். சாயங்காலக் காப்பி நானே போட்டுக்கறேன். சரி, அப்பனும் பொண்ணும் ஒலகத்தையே பேசறாங்கன்னு நெனச்சினு இருந்தேன். ஒரு நாளு காப்பி எடுத்துக்கினு மேல போனேன். பேசல. போன மடில வச்சிக்கினு சும்மா உக்காந்துருக்குது. பேசி முடிச்சாச்சின்னா கீழ வாம்மான்னேன். என்னா சொல்லுச்சி தெரியுமா? 'இருங்க மாமா, அப்பா எதையாவது மறந்துட்டுதான் வைப்பாரு, திரும்பக் கூப்டுவாரு'ன்னுச்சி. கூப்ட்டீங்களா?"

எனக்கு ஒரே ஒரு நாள் நினைவுக்கு வந்தது. நீ அந்த வீட்டுக்குப் போன முதல் வாரம். பேசிவிட்டு வைத்த பிறகு, மேல்தளத்து அறையில் நம் சாம்பல் பூனை உன் பழைய சுடிதார் மேல் குட்டி போட்டிருப்பதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று திரும்பக் கூப்பிட்டேன். அன்று எவ்வளவு நேரம் பேசினோம் என்று தெரியாது. குட்டிகளுக்குப் பெயர் வைத்தாய். அழுதாய், சிரித்தாய். உன் அம்மா போனைக் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். அடுத்த நாளில் இருந்து நான் எதையும் மறக்காமல் இருப்பதற்காக, பேசவேண்டியதை முன்கூட்டியே தாளில் குறித்துவைத்துக்கொண்டு பேசினேன். திரும்பக் கூப்பிட்டால் வீண் செலவு என்று.

"எனக்கு வயித்தெரிச்சல்தான் சம்பந்தி" என்றார் உன் மாமனார், கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே. "எம் பையன் கூடவே இருந்து வளத்தேன். ஷிப்டு முடிஞ்சி வந்தா டிவிய வச்சிக்கினு உக்காந்துடறான். எனக்காவ ஒரு அஞ்சி நிமிசம் எவன் காத்துனு இருக்கான் சொல்லுங்க." நான் அவரை பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுவிட்டேன். பஸ் கிளம்பும்போது ஜன்னலில் இருந்து, "ஞாயித்துக்கெழம பொங்கப் பானைக்கி முன்னாடி வந்துடுங்க. நாற்காலியெல்லாம் கெடையாது, சொல்லிட்டேன்" என்றார். நாற்காலியை அவரும் கவனித்திருக்கிறார்.

இது சனிக்கிழமை காலை. கடிதத்தை முதலில் இருந்து படித்துப் பார்த்தேன். திரும்ப எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று விட்டேன். இனித் தபாலில் போட நேரமில்லை. நாளை நானே கையில் கொண்டுவருகிறேன். பெட்டியோடு வருகிறேன். வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன். வாடகைக்கு விடுவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதலாவதற்கு இதுதான் பதில்.

இரண்டாவதில் நான் இன்னும் நிற்கிறேன். வருமானம் போதவேண்டும், யாழினி விஷயத்தில் அதை மறக்காதே. ஆனால் பக்கத்திலேயே இருந்து வளர்த்தவருக்கும் ஒரு குறை இருக்கிறது என்று தெரிந்தபின், முன்போல் சத்தமாகச் சொல்ல மாட்டேன். நான்காவது தேவையில்லை. சனிக்கிழமை நடக்கப் போகும்போது அவர் செருப்பை மாட்டினால் மாட்டட்டும்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். கூடியிருக்கிறது. இத்தனை வருஷமாக நீ மாடியில் காத்திருந்ததைக் கீழேயிருந்து பார்த்தவர் அவர். எனக்காகக் காத்திருந்த உன்னை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. அதுவும் அவருக்குத்தான் கிடைத்திருக்கிறது. இன்றைக்கு ஆறரைக்கு நீ கூப்பிடுவாய். நான் வழக்கம்போல வைத்துவிடுவேன். பிறகு தாளில் ஒன்றும் குறித்துக்கொள்ளாமல் திரும்பக் கூப்பிடுவேன். இந்தக் கடிதம் நாளை உன் கைக்கு வரும்போது அது ஏன் என்று உனக்குத் தெரியும்.

மேலே எண் போட்டு எழுதியதில் மூன்றாவது தவறு.

அப்பா